வகுப்பில் இன்னொரு பெண்

எந்த வாசலிலும் என்னைவிட ஓரடி முன்னால் நுழைந்துவிடுகிற என் பாவாயிக்கு,

தசரா முடிந்துவிட்டது. யானைகள் நடந்து போயின, அரண்மனை விளக்குகள் எரிந்து அணைந்தன, லஷ்கர் மொஹல்லாவில் எங்கள் தெருப் பிள்ளைகள் வாங்கிய ஊதல்களின் சத்தம் மட்டும் இன்னும் ஓயவில்லை. உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கொள்ளேகாலத்திலிருந்து மோட்டார் பஸ்ஸில் வந்து, வழக்கம்போல எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். உன் அப்பா, நீ அய்யன் என்பாயே, அவரும் வந்திருந்தார். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம், சிரிக்கவும் சிரித்தோம். ஆனால் ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எந்தக் கேள்வி என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு தசராவுக்கும் பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் இருக்கும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்பாயே: "ஏம்புள்ள ஞானம், இந்த வருசம் காலேஜுல பொண்ணுங்க எத்தனை பேரு?" ஊரெல்லாம் ஊர்வலம் பார்க்க வரும், நீ இதைக் கேட்க வருவாய். போன கார்த்திகையில் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கேட்பதற்கு ஆள் இல்லை, பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் செய்தி: உன் மகள் செல்லம்மா எஸ்.எஸ்.எல்.ஸி. தேறிவிட்டாள். ஆனி மாதத்திலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இன்டர்மீடியட் சேர்ந்துவிட்டாள், நாம் எடுத்த அதே பாடங்கள். எந்தக் காலேஜ் என்று உடனே கேட்பாய். கொஞ்சம் பொறு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நம் கதையிலிருந்து தொடங்க வேண்டும். நீ இல்லாததால் இதை வேறு யாராவதுதான் வாசிப்பார்கள், அவர்களுக்கு அது தெரியாது. உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீயும்தான் ஒரே கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்?

நான் பள்ளிக்கூடம் முடித்த வருஷம், எனக்குக் கணக்கும் பௌதிகமும் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மைசூரில் பெண்கள் காலேஜ் இருந்தது. ஆனால் அந்தப் பாடங்கள் சேர்ந்த பிரிவு அப்போது அங்கே இல்லை. பையன்கள் படிக்கிற காலேஜில் இருந்தது. பெண்கள் சேரக்கூடாது என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிரிவில் அதுவரை ஒரு பெண்ணும் சேர்ந்ததில்லை.

என் அப்பா தபால் ஆபீஸில் குமாஸ்தா. எதையும் யோசிக்காமல் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்ட பிறகுதான் பேசுவார். அன்றைக்கு இரண்டு தடவை துடைத்தார். "ஒத்தைப் பொண்ணா அந்தக் கூட்டத்துல போய் உக்காரறது சரியா வராதும்மா. படிக்க வேணாம்னு நான் சொல்லலை. கூட இன்னொரு பொண்ணு சேர்றான்னு சொல்லு, அடுத்த நாளே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துடறேன்" என்றார். அம்மா பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் எனக்காக வாதாடிப் பார்த்தார். அப்பா அசையவில்லை. ஒருத்தி என்றால் கிடையாது, இருவர் என்றால் சரி. அவ்வளவுதான்.

ஆகவே நான் இன்னொரு பெண்ணைத் தேடிக் கிளம்பினேன். அந்தச் சித்திரை வெயிலில் கூடப்படித்தவர்கள் வீடு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். கமலாவின் வீட்டில் பந்தக்கால் நட்டாகிவிட்டது. எனக்குக் கையில் பூவும் பழமும் கொடுத்து அனுப்பினார்கள். ரெபெக்கா நர்ஸ் படிப்புக்கு வேலூர் போவதாகச் சொல்லிவிட்டாள். நஜர்பாத்தில் சாவித்திரியின் வீட்டில் அவள் சம்மதித்தாள், அவள் அம்மாகூடச் சம்மதித்தார். அவளுடைய அண்ணன்தான் என் பின்னாலேயே தெருமுனைவரை வந்து, அவளைச் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சினான். அவன் அதே காலேஜில், அதே வகுப்பில், போன வருஷம் தவறிவிட்டு மறுபடி உட்காரப் போகிறானாம். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அவனைவிட அதிகம் வாங்கினால் வீட்டில் அவன் எப்படிச் சாப்பிடுவது? எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

உன்னைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாவாயி. பள்ளிக்கூடத்தில் நீ கடைசி வரிசை. வகுப்பு நடக்கும்போது மடியில் வேர்க்கடலை உரிப்பாய். கொள்ளேகாலத்திலிருந்து வந்த பட்டுநூல் வியாபாரியின் மகள் என்பதற்கு மேல் உன்னைப்பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு, அழுத முகத்தோடு உன் அய்யன் கடை வழியாகப் போனேன். நீ உள்ளே நூல் கண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள், கூப்பிட்டாய். என்ன என்று கேட்டாய். சொன்னேன்.

"அந்தப் படிப்புல என்னென்ன வரும்?" என்றாய்.

கணக்கு, பௌதிகம், ரசாயனம் என்றேன்.

"கணக்கு வரும். மத்த ரெண்டும் என்னன்னே தெரியாது. ஆனாத் தை மாசம் என்னைய ஹனூருக்குக் கட்டிக் குடுக்கறதாப் பேசிட்டு இருக்கறாங்கன்னு நல்லாத் தெரியும். நான் வாறேன்."

இப்படித்தான் நீ பௌதிகம் படிக்க வந்தாய். இதைப் பிற்காலத்தில் யாரிடமும் மறைத்ததில்லை நீ.

ஆனால் உன் அய்யன் முத்துசாமி இருந்தாரே. என் அப்பாவின் நிபந்தனையும் அவருடைய நிபந்தனையும் எதிரும் புதிருமாக இருந்தன. மகளைப் படிக்க வைக்க அவருக்கும் ஆசைதான். பெண்கள் காலேஜ் என்றால் இன்றைக்கே போகலாம், பையன்கள் காலேஜ் என்றால் பேச்சே கிடையாது. நீ என்னை அங்கேயே நிற்க வைத்துக்கொண்டு, கடையில் நாலு வியாபாரிகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேச்சை எடுத்தாய்.

"அங்க பூராப் பசங்க. ரெண்டு பொட்டப்புள்ளைங்க போயி அந்தக் கூட்டத்துல என்ன பண்ணுவீங்க அம்மிணி?" என்றார் அவர்.

நீ குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்கய்யா, சின்னப் புள்ளையில உங்ககூடப் பட்டுக்கூடு சந்தைக்கு வந்து தராசு புடிச்சனே. அங்க என்னையத் தவுத்து எத்தனை பொம்பளைங்க இருந்தாங்க?"

"அது நம்ம வேவாரமல்லோ."

"இது என்ற படிப்புங்க."

வியாபாரிகளில் ஒருவர்தான் முதலில் சிரித்தார். உன் அய்யன் அவரை முறைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒரு நூல்கண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் புள்ளையோட அப்பாவ வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு அப்பாக்களும் சேர்ந்து காலேஜைப் பார்க்கப் போனது உனக்கு நினைவிருக்கிறதா? நாம் போகவில்லை. வந்து அவர்கள் சொன்னதுதான். பிரின்சிபால் மரியாதையாக உட்கார வைத்திருக்கிறார். என் அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பெண்கள் எங்கே உட்காருவார்கள், வகுப்பு இல்லாத நேரம் எங்கே இருப்பார்கள், தண்ணீர் குடிக்க எங்கே போவார்கள், மற்ற அவசரங்களுக்கு எங்கே போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். கடைசிக் கேள்வியைப் பிரின்சிபாலிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. உடைந்த சாமான்கள் போட்டிருந்த ஓர் அறையையும், அதன் பின்னால் பூட்டிக் கிடந்த ஒரு குளியலறையையும் ஒழித்துத் தருவதாகச் சொன்னார். உன் அய்யன் எழுந்துவிட்டாராம். நேரே அந்த அறைக்குப் போய், கிடங்குக் கதவைச் சோதிப்பதுபோலக் கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "உள்பக்கம் தாப்பா இல்லீங்களே" என்றாராம். தாழ்ப்பாள் போடுகிறோம் என்றார்கள். போட்டுவிட்டுச் சொல்லுங்கள், சேர்க்கிறோம் என்று இருவரும் எழுந்து வந்துவிட்டார்கள். வருகிற வழியில் தோசை சாப்பிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் அப்பா கண்மூடும்வரை அவர்கள் இருவரும் பிரிந்ததில்லை.

தாழ்ப்பாள் வந்தது. நாமும் சேர்ந்தோம்.

மழைச் சாரலில் முதல் நாள் போனது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. மணி அடித்ததும் நாம் நேராக வகுப்புக்குள் போகக்கூடாது. வாத்தியார் வந்து நம் அறை வாசலில் செருமுவார். அவர் முன்னால் போக, பின்னால் நாம் இருவரும் போக வேண்டும். கதவோரம் நமக்கென்று தனியாக ஒரு பெஞ்சு. நாம் உள்ளே காலடி வைத்ததும் பின்வரிசைப் பையன்கள் தரையில் காலைத் தட்டினார்கள். நாம் நடக்க நடக்க அதற்கேற்றபடி சத்தம் ஏறியது. நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நடந்தேன். மறுநாளும் தட்டினார்கள். அதற்கடுத்த நாளும் தட்டினார்கள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். வாத்தியார் மேசைவரை போய்த் திரும்பிப் பார்க்கிறார், நாம் இன்னும் கதவருகே நிற்கிறோம். பையன்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நீ மழை விடட்டும் என்று கடைவாசலில் ஒதுங்கி நிற்பவளைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். தட்டித் தட்டி அவர்களுக்கே அலுத்துப்போய்ச் சத்தம் ஓய்ந்தது. அப்போது நீ கன்னடத்தில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாய். "ஆய்தா?" முடிந்ததா என்று. கேலி இல்லை, கோபம் இல்லை, சமையல் ஆகிவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாய். வாத்தியாரே சிரித்துவிட்டார். பையன்கள் தங்களுக்குள் ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு தட்டவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாராவது தொடங்கினால் பக்கத்தில் இருப்பவனே "ஆய்தா?" என்று கேட்டு அடக்கிவிடுவான்.

இதெல்லாம் நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை. நான் சொல்ல வேண்டியது வேறொன்று உண்டு. அந்த மார்கழியில் ஊரிலிருந்த உன் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் நீ கொள்ளேகாலம் போனாய். சில வாரங்கள் நான் அந்தப் பெஞ்சில் தனியாக இருந்தேன். அப்பா வேண்டாம் என்றார். அம்மாதான், பாதியில் விட்டால் மறுபடி போக மாட்டாள் என்று சொல்லி என்னை அனுப்பி வைத்தார்.

ஒருவரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, பாவாயி. அதுவரை இல்லாத மரியாதை. ஆனால் ஒருநாள் கரும்பலகையில் ஒரு கணக்கு போடச் சொன்னார்கள். கூட்டல் குறி போட வேண்டிய இடத்தில் கழித்தல் குறி போட்டுவிட்டேன். பின்னாலிருந்து ஒருவன் மெதுவாகத்தான் சொன்னான், "பெண்களுக்குக் கணக்கு வராது" என்று. முந்தின வாரம் அதே இடத்தில் அவனும் அதே தப்பைச் செய்திருந்தான். அப்போது யாரும் ஆண்களுக்குக் கணக்கு வராது என்று சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்தபோது நான் தப்புச் செய்தால் அது ஞானத்தின் தப்பு. நீ இல்லாதபோது அது ஊரில் இருக்கிற அத்தனை பெண்களின் தப்பாகிவிட்டது. அப்பா எதற்கு இன்னொரு பெண் வேண்டும் என்றார்? பாதுகாப்புக்கு. எனக்கு அன்றைக்குத்தான் வேறொரு காரணம் தெரிந்தது. தப்புச் செய்வதற்கும் துணை வேண்டும்.

நீ திரும்பி வந்ததும் இதை உன்னிடம் சொன்னேன். மதியச் சாப்பாட்டு வேளை. நீ சித்திரான்னத்தை மென்றுகொண்டே கேட்டாய். உண்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு, "அப்ப ரெண்டு பேரு பத்தாது புள்ள" என்றாய்.

அதன் பிறகு நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே. பங்குனி முழுக்க நம் பழைய பள்ளிக்கூடத்து வாசலில் நின்று, கடைசி வகுப்புப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பிடித்தாய். யாருக்குக் கணக்கு வரும், யாருக்கு வீட்டில் யார் தடை என்று எல்லாம் உனக்குத் தெரிந்துவிட்டது. வீடு வீடாகப் போனோம். நான் பாடங்களைப்பற்றிப் பேசுவேன், ஒருவரும் கேட்க மாட்டார்கள். நீ அம்மாக்களைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போய் அந்தத் தாழ்ப்பாளைப்பற்றிச் சொல்வாய். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் முகம் தெளியும். மறு ஆனியில் நம் அறையில் நாற்காலி போதவில்லை. பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சாவித்திரியும் வந்தாள், அவள் அண்ணன் ஒருவழியாகத் தேறி அந்த வகுப்பைக் காலி செய்துவிட்டதால்.

இன்டர்மீடியட்டோடு நீ நிறுத்திக்கொண்டாய். பௌதிகத்தில் தட்டுத் தடுமாறித் தேறினாய், கணக்கில் என்னைவிட அதிகம் வாங்கினாய். ஹனூர் சம்பந்தம் அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போயிருந்தது. கொள்ளேகாலத்தில் பழனிசாமியை நீயே பார்த்து, நீயே சம்மதித்துக் கட்டிக்கொண்டாய். பட்டுநூல் எடுக்கிற பட்டறை வைத்தாய். நான் பெங்களூர் போய்ப் பட்டம் வாங்கி, மைசூரிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா ஆனேன். வருஷத்துக்கு ஒரு தடவை நீ வந்து நின்று, எத்தனை பேர் என்று கேட்டாய்.

இனி செல்லம்மா கதை.

பரீட்சை முடிவு வந்ததும் பழனிசாமி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இதுல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கக்கா. பாவாயி இருந்திருந்தா என்னைய இந்தப் பேச்சுல சேத்தியே இருக்க மாட்டா. நீங்களும் புள்ளையும் பாத்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கத் தொடங்கிவிட்டார். பேப்பரில் சுதந்திரம் வரப்போகிறது என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு முடிவு பண்ண என்ன இருக்கிறது? நம் காலேஜ்தான். இப்போது பெண்கள் காலேஜிலும் அந்தப் பாடங்கள் வந்துவிட்டன, உண்மை. ஆனால் நீயும் நானும் உட்கார்ந்த இடத்தில் உன் மகள் உட்கார வேண்டாமா? மறுநாளே ஜட்காவில் அவளை அங்கே கூட்டிப்போனேன். பெண்கள் இப்போது வகுப்புக்கு மூன்று பெஞ்சு இருக்கிறார்கள். வாத்தியார் பின்னால் வரிசையாகப் போவதெல்லாம் ஒழிந்துவிட்டது. நம் அறையில் கண்ணாடி மாட்டியிருக்கிறது. நான் ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டே போனேன். அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். சோதனைச் சாலையில் மேல்வகுப்புப் பிள்ளைகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அங்கே மட்டும் கொஞ்ச நேரம் நின்றாள்.

பெண்கள் காலேஜையும் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன், மரியாதைக்கு. ஒரே இரைச்சல். மீன் மார்க்கெட் தோற்றுவிடும். சோதனைச் சாலையில் ஏதோ ஒரு மின்கம்பி அறுந்துபோய், ஒருத்தி புடவையைச் சொருகிக்கொண்டு ஏணிமேல் நிற்கிறாள், கீழே இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவளோடு சண்டை போடுகிறார்கள், இன்னொருத்தி ஒரு கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டுத் துடைப்பத்தைத் தேடுகிறாள். நான் மூக்கைச் சுளித்தேன். செல்லம்மாவைத் திரும்பிப் பார்த்தால், அவள் வாசல்படியைத் தாண்டி எப்போதோ உள்ளே போய்விட்டிருந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் மூன்றாவது ஆள் அவள்.

வெளியே வந்து சாலை மரங்களடியில் நடந்தோம். "நான் இங்கியே சேந்துக்கறன் சின்னம்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டேன். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"அங்க மொதல்ல பாத்தமே, பொண்ணுங்க மூணு பெஞ்சு இருக்கறாங்க. ஆனாச் சாமானத் தொட்டது பூராப் பசங்க. பொண்ணுங்க சொவத்தோரமா நின்னு எழுதிட்டு இருந்தாங்க. யாரும் தொடாதேன்னு சொல்லல. அவுங்களா எழுத ஆரம்பிச்சிட்டாங்க போல. நானும் போனா எழுதத்தான் செய்வேன், எனக்கு என்னையத் தெரியும். இங்க கம்பி அறுந்தா ஒருத்தி ஏறித்தானே ஆவோணும்?"

உலகத்தில் ஆணும் பெண்ணும் கலந்துதான் இருக்கிறார்கள், அதில் பழக வேண்டாமா என்றேன். அதற்கு ரெண்டு வருஷம் கழித்துப் பட்டப் படிப்புக்குப் பையன்களோடு படிக்கப் போகிறேன், போகும்போது கை பழகிப் போகிறேன் என்றாள். நான் விடவில்லை. உங்கம்மா அந்தக் காலத்தில் அத்தனை பேர் நடுவில் துணிந்து போனாளே என்றேன்.

"அம்மா அங்க எதுக்குப் போனாங்க?"

"இந்தப் பாடம் அப்போ இங்கே இல்லை."

"இப்ப இருக்குதல்லோ" என்றாள் உன் மகள்.

நான் நடுத்தெருவில் நின்று சிரித்துவிட்டேன், பாவாயி. வேறென்ன செய்வது? உன் அய்யனிடம் நீ பேசிய அதே தொனி. இத்தனை வருஷமாக நானும் நீயும் எத்தனை பேர் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று நமக்குக் கேட்கத் தோன்றியதா? உனக்குத் தோன்றியிருந்ததா? என்னிடம்தான் நீ சொல்லவில்லையா? அவள் சொன்னது முழுக்கச் சரியென்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. மூன்று பெஞ்சு பெண்களில் இவளைப்போல நாலு பேர் போனால் சுவரோரம் நிற்பது மாறாதா என்று ஒரு மனம் கேட்கிறது. பதினேழு வயதுப் பெண்ணை அந்தச் சுவரை மாற்றவா அனுப்புவது, படிக்கத்தானே அனுப்புகிறோம் என்று இன்னொரு மனம் கேட்கிறது. நீ இருந்தால் நாம் இரண்டு நாள் இதையே சண்டை போட்டிருப்போம்.

இனிமேல்தான் வேடிக்கை. உன் அய்யனுக்குச் செய்தி போயிற்று. முதுமையில் காது கொஞ்சம் மந்தம், வாய் மந்தமில்லை. அடுத்த பஸ்ஸிலேயே மைசூர் வந்து இறங்கிவிட்டார். "பொம்பளைங்க காலேஜா? ஏன், என்ற பேத்தி பயந்துட்டாளா? அவங்கம்மா அத்தனை பசங்களுக்கு நடுவுல ஒக்காந்து படிச்சா. அந்தக் காலேஜுல தாப்பா போட வெச்சவன் நானாக்கும்" என்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டு முழங்கினார். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பழனிசாமி பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாத்தாவின் காதருகே போய் உட்கார்ந்து, அந்த ஏணிக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்து, "அந்த ஏணி கெட்டியா இருந்துச்சா அம்மிணி?" என்றார். அதுதான் அவர் கொடுத்த சம்மதம்.

சேர்ந்த முதல் நாள் நானும் அவளோடு போனேன். உள்ளே வர வேண்டாம், வாசல்வரை போதும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வாசலில் பெண்கள் கூட்டம்: ஜட்காவில் வந்தவர்கள், நடந்து வந்தவர்கள், சைக்கிளில்கூட ஒருத்தி. குடை, பின்னல், மல்லிகை, கன்னடம், தமிழ், உருது, எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு உள்ளே போயின. செல்லம்மா என் கையைவிட்டு அதற்குள் நுழைந்தாள்.

நம் முதல் நாள் அப்படி. இப்போது என்ன நடக்கும், யார் என்ன செய்வார்கள் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்தி அவளை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் ஓடினாள். இன்னொருத்தி எந்த அறை என்று அவளிடமே வழி கேட்டாள். படியேறுவதற்குள் எது அவள் பின்னல், எது மற்றவள் பின்னல் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. நீயும் நானும் போனபோது மொத்தக் காலேஜும் நம்மைத் திரும்பிப் பார்த்தது. உன் மகள் காலேஜுக்குள் போனாள், பாவாயி, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கேயே, அந்தச் சாரலிலேயே, உன்னிடம் ஓடிவந்து சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ரெண்டு வருஷம் கழித்து அவள் பெங்களூர் என்றாலும் சரி, மதராஸ் என்றாலும் சரி, இன்னும் தூரம் என்றாலும் சரி. முதல் நாள் அவளோடு நான் போவேன். அவள் எந்த வாசல்வரை வரலாம் என்கிறாளோ அந்த வாசல்வரைதான் போவேன். உள்ளே எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவளே பார்த்துக்கொள்வாள். அதில் நான் தலையிட மாட்டேன், உன் அய்யனையும் தலையிட விட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் மகளுக்குச் சின்னம்மா,
உனக்கு உடன்பிறவாத தங்கை,
ஞானம்